ஸ்ட்ரெச்சரில் இருந்து தொடங்குங்கள்: ஆஸ்டின் கே2 ஆம்புலன்ஸைக் கையாலேயே கட்டுவது

கேள்வி இது: "கிட் எதுவும் வாங்காமல், பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டியே இரண்டாம் உலகப் போர்க் கால ராணுவ ஆம்புலன்ஸ் ஒன்றை 1/35 அளவில் செய்ய ஆசை. பின்கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் தெரிய வேண்டும். டாங்க் கிட்டுகள் நாலைந்து கட்டியிருக்கிறேன். எந்த வண்டியை எடுப்பது, எங்கே தொடங்குவது, என்னென்ன வாங்குவது?"

நாலைந்து டாங்க் கட்டியவர் என்றால் கை பழகியிருக்கும், பயப்பட வேண்டாம். வண்டிக்கு என் பரிந்துரை ஆஸ்டின் கே2/ஒய், இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் ராணுவ ஆம்புலன்ஸ். தொடங்க வேண்டிய இடம் ஸ்ட்ரெச்சர். சேசிஸையும் பானெட்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உட்கார்ந்து நாலு ஸ்ட்ரெச்சர் செய்யுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் செய்த முதல் ஆம்புலன்ஸும் இதே கே2தான். போட்டோக்களைப் பார்த்துக் கண்ணளவாக வெளிப்பெட்டியைக் கட்டினேன். கூரை, ஜன்னல், கதவுக் கீல் எல்லாம் முடிந்து ப்ரைமர்கூட அடித்தாயிற்று. கடைசியில் ஸ்ட்ரெச்சர் செய்து உள்ளே தள்ளினால், கைப்பிடிகள் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கதவு மூடவில்லை. கைப்பிடியைக் கொஞ்சம் வெட்டிப் பார்த்தேன். பிடிக்க இடமில்லாத ஸ்ட்ரெச்சரை யார் தூக்குவது? மனம் ஒப்பவில்லை. மூன்று மாத வேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

டாங்கை வெளியில் இருந்து கட்டலாம். ஹேட்ச் மூடியிருந்தால் உள்ளே வெறும் காற்று இருந்தாலும் யாருக்கும் தெரியாது. ஆம்புலன்ஸ் என்பது படுத்திருக்கும் ஆளைச் சுற்றிக் கட்டிய அறை. ஆளின் நீளம் ஸ்ட்ரெச்சரின் நீளத்தைத் தீர்மானிக்கிறது, ஸ்ட்ரெச்சர் அறையைத் தீர்மானிக்கிறது, அறை வண்டியைத் தீர்மானிக்கிறது. நாமும் அதே வரிசையில் போனால் கணக்கு எங்கேயும் இடிக்காது.

இனி ஏன் கே2 என்று சொல்கிறேன். பர்மிங்ஹாமில் உள்ள லாங்பிரிட்ஜ் ஆலையில் ஆஸ்டின் நிறுவனம் போர் முடியும்வரை 13,000-க்கும் மேற்பட்ட கே2/ஒய் வண்டிகளைத் தயாரித்தது. பின்பக்கப் பெட்டியின் வடிவம் பிரிட்டிஷ் ராணுவத்தின் மருத்துவப் பிரிவான ராயல் ஆர்மி மெடிக்கல் கோர் போட்டது. கட்டியது மான் எகர்ட்டன் என்ற வண்டிக்கூடு கட்டும் நிறுவனம். நாலு பேரைப் படுக்க வைத்தோ பத்துப் பேரை உட்கார வைத்தோ கொண்டுபோகலாம். பெயரில் உள்ள கே, 2, ஒய் மூன்றையும் சேர்த்துச் சொல்லிச் சொல்லி, சிப்பாய்கள் அதைக் 'கேட்டி' என்றே கூப்பிட்டார்கள். 1945-இல் இளவரசி எலிசபெத் மகளிர் துணைப்படையில் சேர்ந்து வண்டி ஓட்டவும் பழுது பார்க்கவும் பயின்றபோது எடுத்த படங்களிலும் இந்த வண்டியைப் பார்க்கலாம்.

நமக்கு இதில் என்ன வசதி என்றால், முதலில், இது பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டி. முன்பக்கம் ஒரு சாதாரண இரும்பு அச்சுதான். அமெரிக்க டாட்ஜ் டபிள்யூ.சி. 54-ஐ எடுத்தால் அது நாலு சக்கர இழுவை: முன்னாலும் ஒரு டிஃப்ரன்ஷியல் (அச்சின் நடுவே உள்ள பல்சக்கர உருண்டை), நடுவில் இழுவையை முன்னும் பின்னும் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், மூன்று ஷாஃப்ட். முதல் முயற்சிக்கு அது அதிகம். இரண்டாவது, கே2-வின் ஓட்டுநர் அறைக்கு இரும்புக் கதவே கிடையாது, கேன்வாஸ் மறைப்புதான். கதவுக் கண்ணாடி, கதவுச் சட்டம், கைப்பிடி என்று ஒரு பெரிய வேலை மிச்சம். மூன்றாவது, பெட்டியின் பக்கங்கள் பெரும்பாலும் தட்டையானவை. ஷீட்டில் வெட்டுவதற்கென்றே பிறந்த வண்டி.

ஏர்ஃபிக்ஸ் என்ற மாடல் நிறுவனம் இதையே 1/35-இல் கிட்டாகப் போட்டிருக்கிறது. அதனால் நீங்கள் செய்வது வீண் என்று நினைக்க வேண்டாம். அதைக் கட்டியவர்களின் படங்கள் நிறையக் கிடைக்கும். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று சந்தேகம் வரும்போது அவை கைகொடுக்கும்.

படம் தேடும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பிரிட்டிஷ், இந்திய ராணுவ வழக்கில் 'ஃபீல்டு ஆம்புலன்ஸ்' என்றால் அது வண்டி இல்லை. டாக்டர்கள், தூக்கிச் செல்வோர், கூடாரங்கள், வண்டிகள் எல்லாம் சேர்ந்த ஒரு மருத்துவப் படைப்பிரிவு. 1950-இல் கொரியாவுக்குப் போன நம் 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் அப்படி ஒரு பிரிவுதான். அதற்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், தமிழர், மகாவீர் சக்ரா பெற்றவர். 1951 மார்ச்சில் அமெரிக்க 187-ஆவது பாராசூட் படையோடு கொரியாவின் முன்சான்-னியில் பாராசூட்டில் குதித்த மருத்துவர்களின் கதை அவர்களுடையது. கே2 முடிந்த பிறகு, ஸ்ட்ரெச்சர் கட்டிய ஒரு ஜீப்போடு கொரியப் பனியில் அவர்களைச் செய்யலாம் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. நீங்கள் முந்திக்கொண்டாலும் சந்தோஷம்தான்.

சரி, அளவுக்கு வருவோம். 1/35 என்றால் மாடலில் ஒரு மில்லிமீட்டர் நிஜத்தில் 35 மில்லிமீட்டர். கே2-வின் நீளம் ஏறக்குறைய 5.49 மீட்டர், அகலம் 2.26, உயரம் 2.79. மாடலில் இது 157, 64.5, 80 மி.மீ. உள்ளறை ஏறக்குறைய 2.6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.7 மீட்டர் உயரம். அதாவது 74, 57, 48.5 மி.மீ. இந்த ஆறு எண்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

இப்போது பிரிட்டிஷ் ராணுவ ஸ்ட்ரெச்சர். கைப்பிடி முனையில் இருந்து கைப்பிடி முனைவரை 7 அடி 9 அங்குலம். கேன்வாஸ் 6 அடி நீளம், 1 அடி 11 அங்குல அகலம். தரையில் இருந்து உயரம் 6 அங்குலம். மாடலில் மொத்த நீளம் 67.5 மி.மீ., கேன்வாஸ் 52, அகலம் 16.7, உயரம் 4.3. இதை உள்ளறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீளத்தில் 74-க்கு 67.5 போக மிச்சம் ஆறரை மி.மீ.தான், நிஜத்தில் அது ஒரு சாணுக்குச் சற்றே அதிகம். அகலத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தால் நடுவே 23.5 மி.மீ., நிஜத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல். ஒரு மருத்துவப் பணியாளர் நடுவே மண்டியிட்டு இரண்டு பக்கமும் கவனிக்கத் தேவையான இடம் அவ்வளவுதான். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த ராத்திரி, எனக்கு அந்த வண்டி புதிதாகத் தெரிந்தது.

எண் கிடைக்காத பாகங்களுக்கு டயரை ஸ்கேலாக வையுங்கள். கே2-வின் டயர் அளவு 10.50-16. அந்தக் காலத்து டயர்களில் பக்கச் சுவரின் உயரம் ஏறக்குறைய டயரின் அகலத்துக்குச் சமம். ஆகவே விட்டம் 16-உடன் பத்தரையை இரண்டு தடவை கூட்டினால் வரும் 37 அங்குலம், மாடலில் 27 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. நேர் பக்கவாட்டில் எடுத்த ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, பின்டயரின் விட்டம் திரையில் 27 மி.மீ. வரும்வரை பெரிதாக்கி அச்செடுங்கள். பாரம் அழுத்தி டயரின் அடி தட்டையாகியிருக்கும், அதனால் விட்டத்தைக் குறுக்குவாட்டில் அளக்க வேண்டும். அப்புறம் ஜன்னலின் உயரம், மட்கார்டின் வளைவு, படியின் இடம் எல்லாவற்றையும் அந்தத் தாளிலேயே கேலிப்பரால் எடுத்துக்கொள்ளலாம். சரிவாக எடுத்த படத்தில் இதைச் செய்யாதீர்கள், நிச்சயம் தப்பும். இம்பீரியல் வார் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் தேடினால் நேர் பக்கவாட்டுப் படங்கள் கிடைக்கும்.

வாங்க வேண்டியவை குறைவுதான். ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட் 0.25, 0.5, 1 மி.மீ. மூன்று கனத்தில், எவர்கிரீன் போன்றவர்களின் ஸ்ட்ரிப் சில அளவுகளில், தண்ணீர் மாதிரி ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட், ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், கேலிப்பர். கத்திக்கு ஹாபிக் கடை தேட வேண்டாம். சர்ஜிக்கல் கடையில் 3-ஆம் எண் கைப்பிடியும் 11-ஆம் எண் பிளேடும் மலிவாகக் கிடைக்கும். மெல்லிய செம்புக் கம்பிக்குச் சென்னை ரிச்சி தெரு போதும். ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் வாங்கும் சன்போர்டு மட்டும் வேண்டாம். அது உள்ளே நுரை, வெட்டிய விளிம்பு பஞ்சு மாதிரி நிற்கும். இந்த அளவு மாடலில் விளிம்புதான் எல்லாமே.

ஸ்ட்ரெச்சர் வேலையை மெதுவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பார்ப்பவர் கண் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

கழிகளுக்கு 1.2 மி.மீ. சதுர ஸ்ட்ரிப். இரு முனையிலும் எட்டு மி.மீ. நீளத்துக்கு மட்டும் மூலைகளைச் சுரண்டி உருட்டுங்கள். அதுதான் கைப்பிடி, நடுப்பகுதி சதுரமாகவே இருக்கட்டும். ஒரு அட்டையில் இரண்டு கோடு கிழித்து, கழிகளை அதன்மேல் டேப்பால் ஒட்டி இடைவெளியை நிலைப்படுத்துங்கள். நாலு ஸ்ட்ரெச்சரையும் இதே அட்டையில்தான் செய்ய வேண்டும், அப்போதுதான் நாலும் ஒன்றுபோல வரும். கேன்வாஸின் இரு கோடிக்கும் அருகே கழிகளை விரித்துப் பிடிக்கும் மடக்குக் கம்பி இருக்கும். 0.4 மி.மீ. செம்புக் கம்பியின் நடுவில் ஒரு சின்ன முட்டி வைத்து வளைத்தால் போதும். கால்கள் வளைந்த இரும்புப் பட்டைகள். அவற்றின் மேல்தான் ஸ்ட்ரெச்சர் வண்டிக்குள் வழுக்கிக்கொண்டு போகும். காபி டப்பா மூடிக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகட்டைக் கீறி மடித்தால் அவை வந்துவிடும்.

கேன்வாஸுக்கு நிஜத் துணியைப் போடாதீர்கள். எவ்வளவு மெல்லிய மல் துணியாக இருந்தாலும் 1/35-இல் அதன் இழை கயிறு மாதிரித் தெரியும். டிஷ்யூ பேப்பரில் ஒரு அடுக்கைப் பிரித்தெடுத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, கழிகளின் மேல் போட்டுக் கீழே மடித்து ஒட்டுங்கள். ஈரம் காய்வதற்குள், விரல் நுனியால் நடுவில் கொஞ்சம், தலை வரும் இடத்தில் கொஞ்சம் அழுத்துங்கள். பல பேர் படுத்து எழுந்த கேன்வாஸ் பலகை மாதிரி விறைப்பாக நிற்காது. இந்த ஒரு தொய்வு வந்துவிட்டால், மேலே ஆள் இல்லாவிட்டாலும் யாரோ இப்போதுதான் இறக்கப்பட்டார் என்று தெரியும்.

வட ஆப்பிரிக்கக் காட்சி என்றால் ஒரு ஸ்ட்ரெச்சரில் தாமஸ் ஸ்ப்ளின்ட் கட்டிய ஆளை வையுங்கள். தொடை எலும்பு முறிந்தவரின் காலை இழுத்து நிறுத்தும் சாதனம் அது. ஹியூ ஓவன் தாமஸ் என்ற வேல்ஸ் எலும்பு மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது. முதல் உலகப் போரில் அதைப் போர்முனைக்குக் கொண்டுவந்தவர் அவர் மனைவியின் உடன்பிறந்தவர் மகன் ராபர்ட் ஜோன்ஸ். தொடை முறிந்தால் பெரும்பாலும் சாவுதான் என்று இருந்த நிலையை அது மாற்றியது. 1941-இல் முற்றுகையில் கிடந்த டோப்ருக்கில் அதோடு மாவுக்கட்டையும் சேர்த்துப் போட்டுக் காயம்பட்டவர்களைக் கப்பலேற்றினார்கள். அதனால் அதற்கு டோப்ருக் ஸ்ப்ளின்ட் என்றே பெயர் வந்தது. செய்வது எளிது. தொடை மேலே ஒரு வளையம், அதில் இருந்து காலின் இரு பக்கமும் இரண்டு கம்பி, பாதத்தைத் தாண்டி அவை சேரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். 0.3 மி.மீ. கம்பி எடுத்தால் நிஜக் கம்பியின் கனம் ஏறக்குறைய அப்படியே வந்துவிடும். வளையத்துக்குத் தோல் நிறம் கொடுங்கள், கம்பிக்கு மங்கிய இரும்பு நிறம்.

போர்வைக்கு எம்-சீல் சரிவராது, மணல்மணலாக இருக்கும். நைஸான இரண்டு-பாக எபாக்ஸி புட்டியை டால்கம் பவுடர் தூவி, கண்ணாடியின் மேல் அப்பளம் மாதிரி தேய்த்து, அரை மணி நேரம் விட்டு, பாதி இறுகியதும் மடியுங்கள். உடனே மடித்தால் ஒட்டிக்கொள்ளும், காத்திருந்தால் மடிப்பு அழகாக விழும்.

நாலு ஸ்ட்ரெச்சரும் கையில் வந்த பிறகு உள்ளறை. பக்கத்துக்கு இரண்டு தட்டு, மேலும் கீழும். கீழ்த்தட்டு உட்காரும் பெஞ்சும்கூட. மேல்தட்டின் உயரத்தை எண்ணாகப் பார்க்காமல் 1/35 உருவம் ஒன்றைக் கீழே படுக்க வைத்துப் பாருங்கள். அவர் மூக்குக்கும் மேல் ஸ்ட்ரெச்சரின் அடிக்கும் இடையே கை நுழைய வேண்டும். உட்கார்ந்த நிலையில் ஒரு உருவத்தையும் வைத்துப் பாருங்கள். முன்சுவரில் ஓட்டுநர் அறைக்குப் போக ஒரு சிறிய கதவு உண்டு, அதை மறந்துவிடாதீர்கள். அதைப் பாதி திறந்து வைத்தால் பின்னால் இருந்து பார்ப்பவருக்கு முன் கண்ணாடி வரை ஒரு பார்வை போகும். என் மாடலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இப்போது வெளிச்சுவர். வெளி அகலம் 64.5, உள் அகலம் 57. இரண்டு பக்கமும் சேர்த்து ஏழு மி.மீ.க்குமேல் இடம் இருக்கிறது. வெளியே துருத்தும் பகுதிகள் அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும் நமக்குத் தாராளம். வெளியே 1 மி.மீ. ஷீட், நடுவில் ஸ்ட்ரிப்பால் ஒரு சட்டம், உள்ளே 0.5 மி.மீ. ஷீட் என்று மூன்று அடுக்காகக் கட்டுங்கள். சுவர் வளையாது, ஜன்னல் விளிம்பில் சரியான கனம் தெரியும், கண்ணாடிக்கான ஓ.எச்.பி. ஷீட்டை நடுவில் செருகிக்கொள்ளலாம்.

ஷீட்டை முழுக்க அறுக்காதீர்கள். இரண்டு தடவை லேசாகக் கீறி, கீறலுக்கு எதிர்ப்பக்கமாக மடக்கினால் பட்டென்று நேர்க்கோட்டில் உடையும். ஜன்னல் வெட்ட முதலில் நாலு மூலையிலும் ஓட்டை போட்டுவிட்டு, மூலைக்கு மூலை குறுக்கே கீறி முக்கோணங்களாகத் தட்டி எடுங்கள். இரண்டு பக்கச் சுவரையும் ஒன்றின்மேல் ஒன்று டேப்பால் ஒட்டி ஒன்றாகவே வெட்டினால் ஜன்னல் மட்டம் மாறாது.

அடுக்கு ஒட்டும்போது கவனமாக இருக்க வேண்டும். சிமென்ட்டை வழிய விட்டுவிட்டால் அதன் ஆவி இரண்டு ஷீட்டுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். அன்றைக்கு நேராக இருக்கும். ஒரு மாதம் கழித்து, பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு, சுவர் மெல்லக் குழிந்து நெளியும். உள் ஷீட்டில் வெளியே தெரியாத இடமாகப் பார்த்து ஐந்தாறு ஊசித்துளை போடுங்கள், ஆவி போய்விடும். சிமென்ட்டை விளிம்பிலும் சட்டத்தின் மேலும் மட்டும் தொடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அந்த ஆவி உடம்புக்கு ஆகாது.

கூரையின் வளைந்த ஓரங்களுக்கு 0.5 மி.மீ. ஷீட்டைத் தக்க கனமுள்ள குழாயில் சுற்றி, துணியால் கட்டி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். வளைவு நின்றுவிடும். கூரையைக் கழற்றும்படி விடுங்கள். இவ்வளவு உள்வேலை செய்துவிட்டு மூடி ஒட்டிவிட்டால் மனசு கேட்காது.

பானெட்டும் முன் மட்கார்டும்தான் இந்த வண்டியில் கஷ்டமான இடம். ஆஸ்டின் லாரிகளின் மூஞ்சி பெட்ஃபோர்டு லாரியின் சாயலில் இருந்ததால் அவற்றைப் 'பர்மிங்ஹாம் பெட்ஃபோர்டு' என்று சொல்வார்கள். அந்த உருண்டை மூக்கைத் தட்டை ஷீட்டில் கொண்டுவர முடியாது. மரத்தில் செதுக்குங்கள். செதுக்கிய அச்சை ஒரு குச்சியின் முனையில் பொருத்தி, அதே வடிவில் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக ஓட்டை போட்ட பிளைவுட் துண்டின் மேல் ஷீட்டை ஆணியடித்து, மின் அடுப்புக்கு மேலே காட்டுங்கள். ஷீட் முதலில் நெளியும், பிறகு இழுத்துக் கட்டியது போல் தட்டையாகி, லேசாகத் தொங்க ஆரம்பிக்கும். அந்தக் கணத்தில் அச்சை நேராக அழுத்த வேண்டும். ஐந்து முறை செய்தால் ஒன்று நன்றாக வரும். மட்கார்டின் வெளி விளிம்பை மட்டும் உள்பக்கமாகச் சரித்துத் தேய்த்துவிடுங்கள். நிஜத் தகடு ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். நம் பிளாஸ்டிக் விளிம்பு சரிக்காமல் இருந்தால் பலகை மாதிரித் தெரியும்.

சேசிஸ் எளிது. இரண்டு நீளச் சட்டம், குறுக்குச் சட்டங்கள். பட்டை ஸ்பிரிங்குக்கு 0.25 மி.மீ. ஷீட்டைப் பட்டைகளாக வெட்டி ஒன்றைவிட ஒன்று குட்டையாக அடுக்கி, வளைவான அச்சின் மேல் வைத்து ஒட்டுங்கள். பானெட் மூடியிருப்பதால் எஞ்சின் தேவையில்லை, கீழே தெரியும் எண்ணெய்த் தொட்டி போதும். பின் டிஃப்ரன்ஷியலின் நடு உருண்டைக்கு வெள்ளை அடித்து, அதற்கு எதிரே ஒரு குட்டி விளக்கு வையுங்கள். இருட்டில் முகப்பு விளக்கு போடாமல் வரிசையாகப் போகும்போது, பின்னால் வருபவர் அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் தொடர்வார். பிரிட்டிஷ் ராணுவ வண்டிகள் பலவற்றில் இது உண்டு.

சக்கரம் ஒன்றை மட்டும் பிழையில்லாமல் செய்து, சிலிக்கான் அச்சு எடுத்து, ரெசினில் வார்த்துக்கொள்ளுங்கள். பின்னாலும் ஒற்றைச் சக்கரம்தான், ஸ்டெப்னியோடு ஐந்து போதும். வட்டமாக வெட்டிய ஷீட்டுகளை அடுக்கி ஒட்டி, நடுவே போல்ட் போட்டு, டிரில் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு உப்புத்தாளால் உருட்டலாம். பாலியூரிதேன் ரெசினுக்கு ஈரக்காற்று ஆகவே ஆகாது, குமிழ் குமிழாகப் பொங்கும். நான் சென்னையில் ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வார்ப்பதே இல்லை. வெயில் காலத்தில் ஈரம் குறைந்த நாளாகப் பார்த்து விடிகாலையில் வார்ப்பேன், இல்லாவிட்டால் சூட்டில் கிண்ணத்திலேயே இறுகிவிடும். 3டி பிரின்டர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் சக்கரத்தை அதில் எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெட்டியை மட்டும் கையால் செய்யுங்கள், தட்டையான சுவருக்கு ஷீட்டைவிடச் சுத்தமானது எதுவும் இல்லை.

நிறத்தை வருடம்தான் முடிவு செய்யும். போரின் தொடக்க ஆண்டுகளில் காக்கி கிரீன் 3. 1942 முதல் எஸ்.சி.சி. 2 என்ற பெயின்ட் எண் கொண்ட பழுப்பு. 1944 முதல் எஸ்.சி.சி. 15 ஆலிவ் பச்சை; பாலைவனத்தில் லைட் ஸ்டோன் என்ற வெளிர் மணல் நிறம். எந்த இடம், எந்த ஆண்டு என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். 1941 பாலைவனம் என்றால் பக்கத்தில் ஜெர்ரி கேனை (ஜெர்மானியர் வடிவமைத்த உறுதியான எரிபொருள் கேன்) அடுக்காதீர்கள். பிரிட்டிஷாரிடம் அப்போது பெரும்பாலும் எளிதில் ஒழுகும் நாலு கேலன் தகர டப்பாக்கள்தான்.

வண்டியின் செஞ்சிலுவைக்கு டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் படம்) தேட வேண்டாம். வெள்ளைக் கட்டத்தை முதலில் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். கைகள் நான்கும் சமமாக உள்ள சிலுவை என்பது ஐந்து சதுரம். மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு, மூலையில் உள்ள நாலு சதுரங்களை மறைத்தால் மிச்சம் நிற்பது சிலுவை. ஒரே அகலத்தில் மாஸ்கிங் டேப்பை வெட்டி, அதில் இருந்தே நாலு சதுரம் நறுக்கி, மூலைகளில் ஒட்டி, வெளிப்புறத்தையும் சுற்றி மறையுங்கள். அப்புறம் டேப்பின் விளிம்புமேல் மறுபடி ஒரு மெல்லிய வெள்ளை அடியுங்கள். கசிந்தால் வெள்ளைதான் கசியும், இடுக்கு அடைந்துவிடும். அதன் மேல் சிவப்பு. டேப்பை எடுத்தால் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். சிவப்பின் சாயல் இதுதான் என்று ஜெனிவா ஒப்பந்தத்தில் வரையறை கிடையாது. அதனால் கடைச் சிவப்பில் ஒரு துளி மஞ்சள் மண் நிறமும் வெள்ளையும் கலந்து கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். எதுவும் கலக்காத சிவப்பு இந்தச் சின்ன அளவில் கண்ணைக் குத்தும்.

அழுக்கு அடிப்பதில் என் கருத்து கண்டிப்பானது. வெளியே தூசி எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள்: படியின் விளிம்பு தேய்ந்திருக்கட்டும், கதவுக் கைப்பிடியைச் சுற்றிக் கைபட்ட கருமை இருக்கட்டும். உள்ளே அப்படி வேண்டாம். அது கழுவித் துடைக்கப்பட்ட அறை. தரையில் பூட்ஸ் தடம், தட்டுகளில் ஸ்ட்ரெச்சர் கால்கள் உரசிய இரண்டிரண்டு நீளக்கோடு, அவ்வளவுதான். சிவப்பு ரத்தத்தைத் தெளித்துவிட்டுப் 'போர் என்றால் இப்படித்தான்' என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காய்ந்த ரத்தம் சிவப்பாக இருக்காது, துரு மாதிரிப் பழுப்பாக இருக்கும். கட்டுத்துணியில் கடுகளவு பழுப்பு போதும். அந்த வண்டிக்குள் படுத்துப் போனவர்கள் யாரோ ஒருவரின் பிள்ளைகள். அவர்களை வேடிக்கைப் பொருளாக்க எனக்குக் கை வராது.

பின்கதவுகள் இரண்டையும் கடைசியாக ஒட்டுங்கள். ஒட்டும் முன் கூரையை மேலே வைத்து மூடி, ஸ்ட்ரெச்சர்களைக் கூரை வழியாகப் போடாமல் நிஜத்தில் போவது போலக் கதவு வழியாகவே ஏற்றுங்கள். ட்வீசரால் கைப்பிடியைப் பிடித்து, மேல்தட்டில் முதலில் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, அப்புறம் கீழே இரண்டு. தட்டின் மேல் கால்கள் வழுக்கிப் போய் முன்சுவருக்குக் கொஞ்சம் முன்னால் நிற்க வேண்டும். கதவை விரலால் சாத்திப் பாருங்கள். எங்காவது இடித்தால் ஸ்ட்ரெச்சரில் கை வைக்காதீர்கள், தட்டைத் தேயுங்கள்.